திரை குலைந்தால் எங்கிருந்து தேடுவது

“போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்.” திரையில் கோடு விழுந்த கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் காதில் விழுவது இதுதான். சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரப் பட்டையில் இது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. இங்கே காற்று சும்மா இருப்பதில்லை. அது முதலில் பிடிப்பது உலோகமும் உலோகமும் தொடும் இடங்களை: கேபிளின் முனை, ரேமின் விளிம்பு, பவர் கனெக்டர். சிப்புக்கு அது போய்ச் சேர நாளாகும். அதனால் இந்த அத்தியாயம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. சிப்பின் முறை கடைசியில்தான் வரும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மணலிப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டின் எடைமேடை அறை, காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியின் கணக்கு மேசை, தம்புச்செட்டித் தெருவின் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், திருவொற்றியூர் ஜெராக்ஸ் கடை என எங்கே பார்த்தாலும் மானிட்டர் கேபிள் நேராக மதர்போர்டின் பின்பக்கத்தில்தான் செருகியிருக்கும். எடைமேடை அறையில் திரை கலங்குவது கண் உறுத்தலோடு முடிவதில்லை. ஏற்றுமதி கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பலில் ஏற்றும் முன் தர வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் சர்வதேச விதி. 3 எது, 8 எது என்று தெரியாத திரையைப் பார்த்து அடித்த சீட்டு, லாரியைத் துறைமுக வாசலில் நிறுத்திவிடும்.

படம் எங்கே உருவாகிறது

உங்கள் மெஷினின் வயதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இன்னமும் பல அலுவலகங்களில் ஓடுகிற ஜி31, ஜி41 போர்டுகளில் கிராஃபிக்ஸ் இருப்பது நார்த்பிரிட்ஜ் எனும் சிப்புக்குள். புராசஸருக்கு அருகே சின்ன ஹீட்சிங்கின் அடியில் அது உட்கார்ந்திருக்கும். 2011 ஜனவரியில் இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை கோர் புராசஸர்கள் வந்தபோது கிராஃபிக்ஸ் புராசஸரின் சில்லுக்குள்ளேயே போய்விட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய மெஷினைப் பார்த்து ஒருவர் “ஆன்போர்டு கிராஃபிக்ஸ் போச்சு, போர்டை மாத்தணும்” என்றால், “அப்போ புராசஸர்தானே அண்ணே போயிருக்கணும்?” என்று கேளுங்கள். போர்டில் மிச்சமிருப்பது புராசஸரிலிருந்து போர்ட்டுக்குப் படத்தைக் கொண்டுபோகும் தடங்களும் பாகங்களும்தான். புராசஸர் சாவது அரிது. பதில் சொல்லத் தயங்குகிறவர் இன்னும் எதையும் சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டு ஒண்டுக்குடித்தனம் செய்கிறது. 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப் படத்துக்குச் சுமார் 8 எம்பி. அதை விநாடிக்கு 60 முறை ரேமிலிருந்து வாசித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும்; விநாடிக்குக் கிட்டத்தட்ட 500 எம்பி போக்குவரத்து. அந்த மூலையில் ரேம் ஓர் எழுத்தைத் தப்பாகச் சொன்னால், தப்பு அப்படியே திரையில் புள்ளியாகவோ கட்டமாகவோ நிற்கும். டாலி கணக்கில் வரும் தப்பை யாரும் உடனே கவனிப்பதில்லை, திரையில் வரும் தப்பை எல்லோரும் பார்க்கிறார்கள். கெட்டது ரேம், பழி கிராஃபிக்ஸுக்கு.

திருப்புளியை எடுப்பதற்கு முன்

கோடு தெரியும்போதே பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பென் டிரைவிலோ மெயிலிலோ அனுப்பி வேறொரு மெஷினில், அல்லது செல்போனில் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் ரேமில் இருக்கும் படம் சரி; அதற்குப் பிறகான வழியில், அதாவது போர்ட், கேபிள், மானிட்டர் மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு. ஸ்கிரீன்ஷாட்டிலும் அதே கோடு வந்தால் கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. ரேம், டிரைவர், சூடு, மின்சாரம் என்று உள்ளே போக வேண்டும். செல்போன் கேமராவில் திரையைப் படம் எடுத்து அனுப்புவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேமரா படத்தில் நல்ல திரையிலும் அலை அலையாகத் தெரியும்.

அடுத்தது மானிட்டரின் மெனு பட்டன். வெளிச்சம், நிறம் மாற்றும் அந்தச் சின்னப் பெட்டியை மானிட்டரே வரைகிறது. கம்ப்யூட்டருக்கு அதில் வேலை இல்லை. பெட்டியும் சேர்ந்து கிழிந்து தெரிந்தால் கோளாறு மானிட்டரில். பின்னால் படம் குலைந்திருக்க, பெட்டி மட்டும் தெளிவாக நின்றால் மானிட்டர் பெரும்பாலும் தப்பித்தது.

மூன்றாவது, எப்போது குலைகிறது என்பது. ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவிலேயே கோடு இருந்தால் விண்டோஸும் டிரைவரும் குற்றவாளிகள் அல்ல, அவை இன்னும் எழவே இல்லை. பயாஸ் எனும் அமைப்புத் திரையிலேயே மெஷினைக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அங்கே சுத்தமாக நின்று, விண்டோஸ் ஏறியதும் குலைந்தால் கதை வேறு. கடைக்குப் போவதற்கு முன் இந்த மூன்று விடைகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டோடு வருகிற வாடிக்கையாளரிடம் பேச்சே மாறிவிடும்.

கேபிளும் காற்றும்

பழைய மெஷின்களில் நீலத் தலை விஜிஏ கேபிள்தான். மூன்று வரிசை, 15 பின். மேல் வரிசையின் முதல் மூன்று பின்களில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகின்றன. ஆகவே திரையின் நிறமே எந்தப் பின் தொடவில்லை என்று சொல்லிவிடும். திரை முழுக்க மஞ்சள் ஏறினால் நீலம் வரவில்லை. வாடாமல்லி நிறம் என்றால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு இல்லை. படம் உருண்டாலோ பக்கவாட்டில் சாய்ந்தாலோ 13, 14-ஆம் பின்கள். படத்தை நேராக நிறுத்தும் சமிக்ஞை அவற்றில் போகிறது. எழுத்தெல்லாம் பெரிதாகி, திரை இழுத்துவிட்டதுபோலத் தெரிந்தால் 12, 15-ஆம் பின்களைப் பாருங்கள். மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வழி அது. அடைத்துக்கொண்டால் விண்டோஸ் ஏதோ ஒரு பொது அளவை வைத்துக்கொள்ளும். ஒன்பதாவது பின் பல கேபிள்களில் இருக்காது. உடைந்துவிட்டதென்று அதற்காகப் புதுக் கேபிள் வாங்க வேண்டாம்.

எச்டிஎம்ஐ கேபிள் இப்படி நிறம் மாற்றிக் காட்டிக்கொடுக்காது. மினுமினுப்பாகப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது திரை ஓரிரு விநாடி கறுத்துத் திரும்பும்.

இந்த ஊரில் பின்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகின்றன? உப்பு முதல் காரணம். கடல் காற்றில் வரும் உப்புத் துகள் உலர்ந்திருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். கசிந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். “காலைல வந்ததும் கோடு கோடா வருது, பத்து மணிக்கு மேல தானா சரியாயிடுது” என்று பலர் சொல்வதற்கு ஒரு விளக்கம் இது. இரவெல்லாம் அணைந்து குளிர்ந்த மெஷினில் ஈரம் இறங்குகிறது. ஓடி ஓடிச் சூடானதும் காய்கிறது. தானாகச் சரியாகிறதே என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு காலையும் கொஞ்சம் செம்பு போய்க்கொண்டே இருக்கும்.

அறைக்கு அறை வேறு தொல்லைகளும் உண்டு. அம்மோனியா வைத்துக் குளிரூட்டும் ஐஸ் ஃபேக்டரிகளில் சிறு கசிவு இருந்தாலே செம்பும் பித்தளையும் நீலப்பச்சைப் பூ பூக்கும். அந்த அறையில் கேபிளைப் பிடுங்கினால் பின்னில் அந்தப் பொடியைக் காணலாம். மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமும், சாக்கடை தேங்கிய பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலும் கந்தக வாயு. அது வெள்ளியைக் கறுப்பாக்கும். மதர்போர்டில் வெள்ளி எங்கே என்று கேட்கலாம். சின்னச் சின்ன ரெசிஸ்டர்களின் முனைகளில் இருக்கிறது. ஈயம் கலந்த சால்டரை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் கட்டுப்படுத்திய பிறகு, சில உற்பத்தியாளர்கள் போர்டின் செம்புத் தடங்களுக்கே மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுக்கத் தொடங்கினார்கள். கந்தகம் மிகுந்த காற்றில் அந்தப் பூச்சின் ஓரத்திலிருந்து செம்பு சல்பைடு கறுப்பாக ஊர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டுவிடும்.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளில் இதை அளக்க ஐஎஸ்ஏ 71.04 என்ற தரநிலை இருக்கிறது. பளபளப்பான செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் தொங்கவிட்டு, மேலே படர்ந்த படலத்தின் தடிமனை அளப்பார்கள். செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், வெள்ளியில் 200-க்குள் இருந்தால் சாதுவான அறை. நமக்கு அந்தக் கருவி வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கேபினெட்டுக்குப் பின்னால் ஒரு மாதம் கட்டிவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் பெண்கள் கொலுசு எத்தனை நாளில் கறுக்கிறது என்று சொல்வதும் நல்ல அளவுகோல்தான். சீக்கிரம் கறுக்கிற தெருவில் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் சர்வீஸ் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபிளைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

துடைப்பதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். மெஷினையும் மானிட்டரையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய மென்மையான டூத்பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்துப் பின்களையும் போர்ட்டையும் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும்; அதில் தூசி ஒட்டும். பச்சைப் பூ பூத்த கேபிளைச் சுத்தம் செய்துகொண்டிருக்காதீர்கள், மாற்றுங்கள். செருகிய பின் இரண்டு பக்கத்து ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். லாரி ஏறி இறங்கும் எடைமேடைக்குப் பக்கத்து மேசை நாள் முழுக்க அதிர்கிறது. முடுக்காத கேபிள் அங்கே தாங்காது.

கேபிள் பாகத்தில் கடைசியாக ஒன்று. திரையில் மங்கலான பட்டைகள் மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ நகர்ந்துகொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் ஒரு லைனிலும் மானிட்டர் இன்னொரு லைனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் எர்த் வேறு வேறாக இருந்தால் அந்த வித்தியாசம் விஜிஏ கேபிள் வழியாக ஓடிப் பட்டையாகத் தெரியும். இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே மல்டிபிளக்கில் போடுங்கள். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் நடக்கும்போது மட்டும் வருகிறதென்றாலும் முதல் மருந்து இதுதான். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் செருகும் வழக்கத்தை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மூடியைத் திறந்த பிறகு

ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு என்றால் முதலில் ரேம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்ட பிறகு கையை உள்ளே விடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை, பிறகு ஸ்லாட்டை மாற்றி. கோடு ரேமோடு சேர்ந்து போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ரேமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்ப்பது நம் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஒவ்வொரு மாதமும் தேய்த்தால் அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே வந்து உப்புக்கு விருந்தாகும். ஆல்கஹால் நனைத்த துணி போதும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் வெள்ளை ரப்பர், அதுவும் போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காமல், துகள் ஸ்லாட்டில் விழாதபடி தள்ளிவைத்து. இதன் பிறகும் சந்தேகம் இருந்தால் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கை, இன்னும் நல்லது மெம்டெஸ்ட்86-ஐ, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் வேண்டாம்.

ஓடத் தொடங்கும்போது சுத்தம், அரை மணியில் கட்டம் கட்டமாகக் குலைவு, அணைத்து ஆறவிட்டால் மறுபடி சுத்தம் என்றால் சூடு. இந்தப் பக்கம் அதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாளுவதை உயர் நீதிமன்றம் தடுத்ததால் 2011-ல் அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. கரித்தூளும் அதோடு வடக்கே போனது. எண்ணூர்ப் பக்கத்து மெஷினைத் திறந்தால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே கரித்தூள், சாம்பல், உப்பு ஈரம் மூன்றும் சேர்ந்து கறுப்புக் கம்பளமாக அடைந்திருக்கும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. புளோயர் அடிப்பதற்கு முன் பிரஷ்ஷால் அந்தக் கம்பளத்தை உரித்தெடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பழைய ஜி31, ஜி41 போர்டுகளில் நார்த்பிரிட்ஜின் சிறு ஹீட்சிங்குக்கு ஃபேன் கிடையாது. அடியில் சூடு கடத்த வைத்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைக்காமல் புராசஸருக்கு மட்டும் வைத்து மூடுவது இந்தத் தொழிலில் சகஜமாக நடக்கும் அரைவேலை.

அடுத்து கண்ணால் ஒரு சுற்று. புராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, தலையில் பழுப்புக் கசிவு காய்ந்திருந்தாலோ சிப்புக்குப் போகும் மின்சாரம் நடுங்குகிறது, அது திரையில் தெரிகிறது. 2000-களின் முதல் பாதியில் தயாரான போர்டுகளில் இது உலகெங்கும் கொள்ளைநோயாகவே பரவியது. பிந்தைய போர்டுகளிலும் சூடு கெபாசிட்டரின் ஆயுளைக் குறைக்கும்: பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் லோ-இஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். இது சால்டரிங் தெரிந்தவரின் வேலை. ஆனாலும் புது போர்டு விலையில் சிறு பங்குதான். எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டாம், நல்லதொன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே அதற்கான சோதனை.

வெள்ளத்தில் நனைந்த மெஷின் தனி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி நனைந்த போர்டை “காஞ்சிடுச்சு” என்று ஆன் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, சுத்தமான தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் கழுவி, நாள்கணக்கில் காயவிட்ட பிறகுதான் மின்சாரம். வெயிலில் காய்ந்தது தண்ணீர் மட்டும். உப்பு போர்டிலேயே இருக்கிறது.

டிரைவர், எழுத்து

சேஃப் மோடில் ஏறினால் கோடு இல்லை, சாதாரணமாக ஏறினால் கோடு என்றால் டிரைவரைப் பாருங்கள். அவசரத்துக்கு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், B நான்கையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 10-லும் 11-லும் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் பில் அழியாது. குரோமில் மட்டும் குலைந்தால் அதன் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்திப் பாருங்கள். ஜி41 வகைக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவர் வெளியிடவே இல்லை. அதற்காக இணையத்தில் அலைந்து கண்ட கண்ட டிரைவர் தொகுப்பை இறக்குவது வைரஸைக் காசில்லாமல் வாங்கும் வழி.

தமிழ் மட்டும் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்து, ஆங்கிலமும் படங்களும் சரியாக இருந்தால் அது திரைக் கோளாறே அல்ல. பெரும்பாலும் பழைய எழுத்துரு முறையில் அடித்த கோப்பு அது. யூனிகோடைத் தமிழக அரசு 2010-ல் தரமாக ஏற்றுவிட்டாலும், ஜெராக்ஸ் கடைகளில் அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. உரிய எழுத்துருவைப் போட்டால் தீர்ந்தது. இதற்காக மானிட்டர் மாற்றியவர்களும் உண்டு.

சிப்தான் என்று உறுதியான பிறகு

எல்லாம் பார்த்தாயிற்று, பயாஸிலும் குலைகிறது, ரேம் நல்லது, சூடு இல்லை என்றால் சிப்பைச் சந்தேகிக்கலாம். இந்த இடத்தில்தான் “ஹீட் கன் அடிச்சா சரியாயிடும்” என்ற பேச்சு வரும். சிப்பைச் சூடாக்கினால் பல சமயம் படம் திரும்பி வரும், உண்மை. வாரக்கணக்கிலேயே மறுபடி போவதும் உண்மை. 2008-ல் என்விடியா நிறுவனம் தன் லேப்டாப் சிப்புகளின் பழுதுக்காகக் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்க நேர்ந்தபோது வெளியே வந்த விஷயம், விரிசல் சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சால்டர் மணிகளில் இருந்தது என்பது. அடித்தட்டுக்கும் போர்டுக்கும் இடையில் புது மணி வைத்துக் கட்டினாலும் அந்த விரிசல் அப்படியே இருக்கும். தரவை எடுத்துக்கொள்ள ஒரு நாள் வேண்டும் என்றால் சூடு அடிக்கட்டும். கேரண்டி என்று சொல்லி அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

டெஸ்க்டாப்புக்கு எளிய வழி இருக்கிறது. போர்டில் நீண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருந்தால் ஜிடி 710 போன்ற சிறு கார்டு ஒன்றைப் போடுங்கள். அதற்குத் தனி மின்சார வயர் வேண்டாம். சுமார் 19 வாட்தான் இழுக்கும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். வாங்கும்போது ஃபேன் இல்லாத மாடலைக் கேளுங்கள், இந்தத் தூசியில் சின்ன ஃபேன் முதலில் சாகும். கேபினெட் ஒல்லியானது என்றால் கட்டை பிராக்கெட் சேர்த்துத் தருகிறார்களா என்று பாருங்கள். ஸ்லாட்டே இல்லாத மெஷினுக்கு யுஎஸ்பியிலிருந்து விஜிஏ எடுக்கும் அடாப்டர் உண்டு. எடைமேடை மென்பொருளுக்கும் பில் போடவும் அது போதும். டிரைவர் ஏறிய பிறகுதான் அதில் படம் வரும், பயாஸ் திரை தெரியாது. ஆகவே குலைந்த ஆன்போர்டு திரையிலேயே எப்படியாவது பார்த்து, அடாப்டரின் டிரைவரை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, விண்டோஸ் தானாக லாகின் ஆகும்படி அமைத்த பிறகு பழைய கேபிளைக் கழற்றுங்கள்.